உண்மையையெல்லாம் சொன்னாள்

அன்பான நேயர்களே, வணக்கம். மனம் உடைந்துபோனவர்களுக்கு இயேசுவிடத்தில் என்ன சுகம் கிடைக்கும் என்று பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிற சிலருக்கு ஆறுதல் வார்த்தைகள் கேட்டுக் கேட்டே அலுத்துப்போயிருக்கும். திருமணம் முறிந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், சின்ன வயதில் யாரோ செய்த அக்கிரமத்தை இன்றுவரை யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறவர்கள், குடியை விடமுடியாமல் தன்னையே வெறுக்கிறவர்கள். இவர்களில் நிறையப் பேர் ஆராதனைக்குத் தவறாமல் வருகிறவர்கள்தான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள், பெயர்கூடச் சொல்லப்படவில்லை. 12 வருஷமாக உதிரப்போக்கு. வைத்தியர்களிடம் போய்ப் போய்க் கையில் இருந்ததெல்லாம் செலவாகிவிட்டது, வியாதி மட்டும் அதிகமாகியிருக்கிறது. லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின்படி அந்த நிலையில் இருக்கிற பெண் தீட்டானவள், அவள் உட்கார்ந்த இடத்தைத் தொட்டவர்களுக்கும் சாயங்காலம் வரை தீட்டு. அப்படி 12 வருஷம் என்றால், யார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள், யார் அவள் கையைப் பிடித்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். அதனால்தான் கூட்டத்துக்குள்ளே, பின்னால் வந்து, யாருக்கும் தெரியாமல் இயேசுவினுடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். தொட்ட உடனே ரத்தம் நின்றுவிட்டது. அதைத் தன் சரீரத்தில் உணர்ந்தாள் என்று மாற்கு எழுதுகிறார்.

சரி, கதை அங்கேயே முடிந்திருக்கலாமே? அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இயேசுவுக்கும் அப்போது அவசரமான வேலை இருந்தது, யவீரு என்கிற ஜெப ஆலயத் தலைவனுடைய 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள், அந்த வீட்டுக்குத்தான் எல்லோரும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இயேசு நின்றுவிட்டார். "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்?" என்று கேட்கிறார். இத்தனை பேர் நெருக்கும்போது இப்படிக் கேட்கிறீரே என்கிறார்கள் சீஷர்கள். அவர் விடவில்லை, சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே வந்து விழுந்து "உண்மையையெல்லாம் அவருக்குச் சொன்னாள்."

அந்த வசனத்தைத் தாண்டி எனக்குப் போகவே மனசு வருவதில்லை. உண்மையையெல்லாம். 12 வருஷத்துக் கதை என்றால் அதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்! யவீரு பக்கத்தில் தவித்துக்கொண்டிருப்பார், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது, இயேசு நின்று கேட்கிறார். அவர் அவளை அவமானப்படுத்தவே முன்னால் வரவழைத்தார் என்று நினைத்தால் நாம் தப்பாகப் படிக்கிறோம் என்று பொருள். சரீரத்தின் வியாதி ஒரு தொடுதலில் போய்விட்டது, ஆனால் ஒளிந்து ஒளிந்து வாழ்ந்த அந்த வாழ்க்கை அப்படிப் போகாது. யாராவது ஒருவர் முழுவதையும் கேட்டு, அருவருக்காமல், பின்வாங்காமல் நிற்கவேண்டும். அவர் அப்படி நின்று, எல்லோர் முன்னிலும் "மகளே" என்று கூப்பிட்டு, சமாதானத்தோடே போ என்றார். இவளைத் தவிர வேறு எந்தப் பெண்ணையும் இயேசு நேருக்கு நேர் மகளே என்று அழைத்ததாகச் சுவிசேஷங்களில் இல்லை.

இதைத்தான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். உடைந்த மனசு சுகமாவது, மறைத்து வைத்ததை ஆண்டவரிடமும் நம்பகமான ஒரு மனிதரிடமும் உள்ளபடி சொல்வதில் தொடங்குகிறது. யாக்கோபு 5:16 அதைத்தான் சொல்கிறது, சொஸ்தமடையும்படிக்கு உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள், ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்று. நம் சபைகளில் ஜெபம் நிறைய நடக்கிறது, முதல் பாதியைத்தான் விட்டுவிட்டோம்.

ஆண்டவரிடம் கோபமாகப் பேசலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் படியுங்கள். கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், ஸ்தோத்திரத்தில் முடியவில்லை. அதையும் சேர்த்துத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் எலியா. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளுக்கு எதிராக அவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்த தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். கர்த்தர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார், அதற்கும் கண்டிப்பு இல்லை, இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தருடைய மெல்லிய சத்தத்தைக் கேட்டதெல்லாம் 40 நாள் கழித்துத்தான். அதற்குப் பிறகு கூட இருந்து ஊழியம் செய்ய எலிசா என்று ஒருவரையும் கர்த்தர் கொடுத்தார். தூக்கம், சாப்பாடு, கூட ஒரு ஆள் என்று இவையெல்லாமே அந்தச் சுகத்தில் அடக்கம். செத்துவிடலாம் என்கிற எண்ணம் உங்களுக்கு இப்போது இருந்தால், தயவுசெய்து இந்த உரை முடிகிற வரை காத்திருக்கவேண்டாம், பக்கத்தில் இருக்கிறவரிடம் இப்போதே சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது போதித்தால் அதைக் கேட்காதீர்கள். சுவிசேஷம் எழுதின லூக்காவையே பிரியமான வைத்தியன் என்றுதான் பவுல் கொலோசெயர் நிருபத்தில் எழுதுகிறார்.

மன்னிப்பைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். உங்களுக்குத் தீங்கு செய்தவரை மன்னிப்பது என்றால், நடந்தது ஒன்றுமே இல்லை என்று சொல்வதோ, அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போவதோ கிடையாது. பழிவாங்குதலைக் கர்த்தரிடம் விட்டுவிடுவதுதான் மன்னிப்பு, அதற்குக் காலம் ஆகும், பல தடவை விடவேண்டியும் வரும். காயம்பட்டவரை அவசரப்படுத்தி மன்னிக்கச் சொல்கிற ஊழியர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜெபித்தும் போகாத வலி உண்டு. பவுல் தன் மாம்சத்தில் முள் என்று சொன்ன ஒரு வேதனைக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளிலும் விலாவிலும் காயங்கள் அப்படியே இருந்தன, அவற்றைக் காட்டித்தான் நம்பமாட்டேன் என்றிருந்த சீஷன் தோமாவை விசுவாசத்துக்குள் கொண்டுவந்தார். ஆகவே தழும்பு இன்னும் இருக்கிறதே, அப்படியென்றால் எனக்கு விசுவாசம் இல்லையோ என்று உங்களையே குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, உடைந்த ஒருவர் உங்களிடம் வந்து பேச ஆரம்பித்தால், வசனம் சொல்ல அவசரப்படாதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் கெடுத்தார்கள். கேட்டதை இன்னொருவரிடம் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் கொண்டுபோகாதீர்கள். மறுநாளும் ஒரு தடவை விசாரியுங்கள், சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள், அவர் கேட்டுக்கொண்டால் கூட உட்கார்ந்து ஜெபியுங்கள்.