முருங்கை ஒரே குச்சியாக வளர்கிறதே, நுனியைக் கிள்ளலாமா?

அடுத்த கேள்வி ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள். பி.கே.எம். 1 என்ற செடிமுருங்கை ரகம், விதை போட்டு ஆறு மாதம் ஆகிறதாம். எட்டு அடிக்கு ஒரே குச்சியாக நிற்கிறது, நாலு பூ வந்ததும் உச்சியில்தான். இப்போது நுனியைக் கிள்ளலாமா என்கிறார்கள்.

கிள்ளுகிற பருவம் தாண்டிவிட்டது அம்மா. செடிமுருங்கை விதைத்து சுமார் 2 மாதத்தில் 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி வரும். அப்போதே கிள்ளியிருக்க வேண்டும். உச்சியில் இலை விரியாமல் சுருண்டிருக்கும் கொழுந்தைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து. டிக்கென்று ஒடிந்தால் சரியான இடம். நார் இழுத்தால் தண்டு முற்றிவிட்டது, கொஞ்சம் மேலே தள்ளிக் கிள்ளுங்கள். கிள்ளியதைப் போட்டுவிடாதீர்கள், பருப்போடு சேர்த்தால் அவ்வளவு ருசி.

கிள்ளினால் ஏன் கிளைக்கிறது? நுனிக் கொழுந்தில் ஆக்சின் என்ற ஊக்கி உருவாகித் தண்டு வழியே இறங்குகிறது. அது இறங்கும்வரை கீழே இருக்கிற மொட்டுகள் அடங்கியே கிடக்கும். கொழுந்து போனால் அதட்ட ஆள் இல்லை. கொஞ்ச நாளில் இலைக்காம்பின் கக்கத்தில் கடுகு அளவுக்குப் பச்சையாக முளை தெரியும். அவைதான் கிளை. முருங்கைக்குப் பூ கிளையில்தானே வருகிறது! ஆனால் வாடிக் கிடக்கிற செடியைக் கிள்ளாதீர்கள். எருவும் தண்ணீரும் கொடுத்து முதலில் தேற்றுங்கள்.

சரி, உங்கள் எட்டு அடி மரத்துக்கு வருவோம். பூத்ததை வெட்ட மனம் வராது. அந்த நாலு பூவும் காயானதும் பறித்துக்கொண்டு, தரையிலிருந்து 3 அடி விட்டு, ரம்பத்தால் சாய்வாக அறுத்துவிடுங்கள். 4, 5 மாதத்தில் மறுபடி காய்க்கும், தொரட்டி தேட வேண்டாம். அடைமழையில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் ஒரு ஐப்பசியில் மட்டமாக வெட்டிவிட்டு, வெட்டுவாயில் தண்ணீர் நின்று கட்டையே அழுகிப்போனது.

செவ்வந்தி பற்றிக் கேட்டவருக்கும் இதே வேலைதான், நட்ட 4 வாரத்தில் நுனியைக் கிள்ளுங்கள். அந்த வேகத்தில் பக்கத்துத் தொட்டிப் பப்பாளியையும் கிள்ளிவிடாதீர்கள். அதற்குக் காய் நடுத்தண்டிலேயே பிடிக்கும்.