மூளைக்கு முன்பே நிமிர்ந்த முதுகு

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

குரங்கினத்து மூதாதையரிடமிருந்து நம்மைப் பிரித்தது நிமிர்ந்த நடையா, வளர்ந்த மூளையா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், தீயும் மொழியும் கல்லாயுதமும் மூளை தந்த கொடை என்று அழகாக அடுக்கினார். மூளையின் பெருமையை மறுக்க நான் வரவில்லை. எது முதலில் வந்தது என்பதே கேள்வி. அதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவை மண்ணுக்குள் கிடைத்த எலும்புகள்.

1974ஆம் ஆண்டு எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் டொனால்ட் ஜொஹான்சன் குழுவினர் எலும்புக்கூடாகக் கண்டெடுத்த ‘லூசி’ என்னும் மூதாதை ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். அவள் இனத்தாரின் மூளை சிம்பன்சியின் மூளையைவிடச் சற்றே பெரியது. நம்முடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இடுப்பெலும்போ குட்டையாகவும் அகன்றும் இருக்கிறது. தொடையெலும்பு முழங்காலை நோக்கி உட்புறமாகச் சாய்ந்து இறங்குகிறது. அந்தச் சாய்வு இருப்பதால்தான், ஒரு காலைத் தூக்கும்போது உடலின் எடை ஊன்றிய காலின்மேல் நிற்கிறது. அது இல்லாத சிம்பன்சி, இரண்டு காலில் நடக்கையில் பக்கவாட்டில் தள்ளாடுகிறது.

எலும்பு போதாதென்றால் காலடிகளே இருக்கின்றன. தான்சானியாவின் லேட்டோலியில், 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெய்த எரிமலைச் சாம்பல் ஈரத்தில் இறுகியதால் அழியாது நின்ற சுவடுகளை, 1978இல் மேரி லீக்கியின் குழு வெளிக்கொணர்ந்தது. அவற்றில் குதிகால் அழுந்தப் பதிந்திருக்கிறது; பெருவிரல், கிளையைப் பற்றும் குரங்கின் விரலைப்போல விலகி நிற்காமல், மற்ற விரல்களோடு வரிசையில் நிற்கிறது.

எதிரணியின் கட்சி புதியதன்று. 1912இல் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் கிடைத்ததாகச் சொல்லி, மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டானின் தாடையைச் சேர்த்துவைத்தபோது, மூளையே முதலில் வளர்ந்தது என்ற நம்பிக்கைக்குத் தோதாக இருந்ததால் அறிஞர்கள் பலர் அதை ஏற்றார்கள். மோசடி அம்பலமாக 1953 வரை ஆயிற்று. இடையே 1925இல் ரேமண்ட் டார்ட், தென்னாப்பிரிக்காவின் டாங் என்ற இடத்தில் கிடைத்த மூதாதைக் குழந்தையின் மண்டையோட்டில் தண்டுவடம் நுழையும் துளை, தலை முதுகெலும்பின்மேல் நிற்கும்படி முன்தள்ளி அமைந்திருப்பதைக் காட்டி, இது நிமிர்ந்து நடந்த உயிர் என்றார். அவர் பேச்சு எடுபடவில்லை. பொய்க்கு மாலை, மெய்க்குக் காத்திருப்பு!

‘கோழியும் இரண்டு காலில்தானே நடக்கிறது, அது ஏன் ஆயுதம் செய்யவில்லை?’ என்று கேட்டு எதிரணி கைதட்டல் வாங்கியது. நல்ல கேள்விதான். கோழியின் முன்னங்கால் சிறகாகிப் போனது. நம் மூதாதையரோ மரத்தில் வாழ்ந்த காலத்திலேயே பற்றும் விரல்களையும், தூரத்தைக் கணிக்கும் முன்னோக்கிய கண்களையும் பெற்றிருந்தனர். நடை அந்தக் கைகளுக்கு விடுதலை தந்தது. கென்யாவின் லொமெக்வியில் கிடைத்த கற்கருவிகள் 33 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று கணிக்கப்படுகின்றன. நமது ஹோமோ பேரினத்தின் மிகப் பழைய எலும்பாக அறியப்படுவதோ 28 லட்சம் ஆண்டுப் பழமையானது. அந்தக் கல்லை உடைத்த கை யாருடையது என்பதை எதிரணி சொல்லட்டும்.

நடுவர் அவர்களே, சிறிய மூளையோடு நிமிர்ந்து நடந்தவர்களை எலும்பும் சுவடுமாக அவைமுன் நிறுத்திவிட்டோம். பெரிய மூளையோடு நாலு காலில் நடந்த ஒரே ஒரு மூதாதையின் எலும்பை எதிரணி கொண்டுவரட்டும்; பில்ட்டவுனிலிருந்து மட்டும் வேண்டாம்.