தேரி மண்ணும் தூக்குக் கயிறும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் கொலை வழக்குகளாக நடத்தியே தலை நரைத்தவன் நான். எதிரிக்காகவும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனுக்காகவும், வாதாடியிருக்கிறேன், அரசுத் தரப்பிலும் நின்றிருக்கிறேன். கொல்லாதே என்று எல்லா மதமும் சொல்கிறது, அப்புறம் தூக்குத் தண்டனை எப்படி வந்தது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ரொம்ப நாளாக உள்ளே அரித்துக்கொண்டிருக்கும் கேள்விதான்.

நம்ம ஊரில் இதை எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்குடியிருப்பு, கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகைக் கடைசியில் கள்ளர் வெட்டுக்குப் போனவர்கள் இப்போது தலையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அங்கே தேரி என்று சொல்கிற அந்தச் செம்மணல் மேடு எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், நான் கேட்டதைச் சொல்கிறேன். அங்கே ஒரு ராஜா இருந்தான். அவன் தோட்டத்தில் ஒரு அதிசய மாமரம். அதன் பழம் ராஜாவுக்கு மட்டும்தான், காவல் போட்டு வைத்திருந்தான். ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போன ஒரு பெண்ணின் குடத்தில், அவளுக்கே தெரியாமல், அந்தப் பழம் விழுந்துவிட்டது. அவள் பாட்டுக்குக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். பழத்தைக் காணோம் என்று சேவகர்கள் வீடு வீடாகப் புகுந்து தேடினார்கள். குடத்தைக் கவிழ்த்தால் பழம் இருக்கிறது.

வக்கீல் புத்தியோடு பாருங்கள். களவு போன பொருள் அவள் வீட்டில், அவள் குடத்திலேயே கிடைத்திருக்கிறது. சாட்சி ராஜாவின் சொந்தச் சேவகர்கள். அவளுக்கு இருந்த ஒரே பதில், “எனக்குத் தெரியாது ஐயா” என்பதுதான். இன்றைக்கும் கூண்டில் நிற்கிற பாதிப் பேர் அதைத்தான் சொல்கிறார்கள். அதில் பலர் புளுகுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நிஜமாகவே தெரியாதவனுக்கும் அதே மூன்று வார்த்தைதானே இருக்கிறது?

ராஜா அவளைக் கொல்லச் சொல்லிவிட்டான். சாகும்போது அவள் விட்ட சாபத்தில் மண்மாரி பெய்து ஊரே மூடிப்போயிற்று. அதுதான் இந்தத் தேரி என்று கதை முடிகிறது. புவியியல்காரர்கள் காற்று கொண்டுவந்து குவித்த மணல் என்பார்கள். அது அவர்கள் கணக்கு, இருக்கட்டும். பனையும் முந்திரியும் நிற்கிற அந்தச் சிவப்பு மேட்டைப் பார்த்த நம் ஜனங்களுக்கு, தப்பான தண்டனை ஒன்றால் வந்தது இது என்று தோன்றியிருக்கிறதே, எனக்கு அதுதான் பெரிசு.

இப்போது அந்தத் திருவிழாவுக்கு வாருங்கள். கள்ளர் வெட்டு என்று பெயர் இருக்கிறதே தவிர, வெட்டுப்படுவது இளநீர்தான். தேரி மேட்டில் கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வைத்து வெட்டுகிறார்கள். தண்ணீர் தெறித்து நனைந்த மண்ணை அள்ள ஜனம் விழுந்தடித்து ஓடுகிறது. முந்தானையில் முடிந்து கொண்டுபோய் வயலில் தூவுகிறார்கள், வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். களவுக்குத் தண்டனை வேண்டும் என்ற கோபமும் தீர்ந்தது, ஒரு கழுத்தும் அறுபடவில்லை. சட்டக் கல்லூரியில் இப்படி ஒரு யோசனையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, மதத்துக்கு வருவோம். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. பைபிளின் பத்துக் கட்டளைகளில் கொலை செய்யாதே என்பது எத்தனையாவது என்று சிஎஸ்ஐ, அதாவது புராட்டஸ்டண்ட் சபைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்டால் ஆறாவது என்னும். கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஐந்தாவது என்னும். இரண்டு சபையும் எண்ணுகிற முறை வேறு, அவ்வளவுதான். அந்தக் கட்டளை யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அடுத்த அதிகாரத்தைப் பார்த்தால், மனிதனை அடித்துக் கொன்றவன் கொல்லப்பட வேண்டும் என்று இருக்கிறது. கொல்லாதே என்பது உனக்கும் எனக்கும், தண்டிக்கிற கைக்கு மட்டும் விலக்கு. கத்தோலிக்க சபை இந்த விலக்கை ரொம்ப காலம் ஒத்துக்கொண்டு வந்தது. 2018இல் போப் பிரான்சிஸ் தங்கள் மறைக்கல்வி நூலையே திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுத வைத்தார்.

நாம் மட்டும் என்ன? வள்ளுவர் கொல்லாமைக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கினார். தன் உயிரே போனாலும் பிற உயிரைப் போக்காதே என்பது அதில் 327ஆவது குறள். அதே வள்ளுவர் செங்கோன்மையில், 550ஆவது குறளில், கொடியவர்களை அரசன் கொலையால் ஒறுப்பது பயிரில் களை எடுப்பது மாதிரி என்கிறார். மறுபடியும் ராஜா கைக்கு விலக்கு. தாமிரபரணிப் பாசனத்தில் களை எடுத்த அக்காமார் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களிடமே விட்டுவிடுகிறேன். இளம்பயிரில் நெல் எது, குதிரைவாலிப் புல் எது என்று பிரிப்பது அவ்வளவு லேசா? கை தவறிப் பிடுங்கிய நாற்றையாவது திரும்ப ஊன்றலாம்.

மேலப்பாளையத்து நண்பர்கள் எனக்குச் சொன்னது இன்னொன்று. அநியாயமாக ஓர் உயிரைக் கொன்றவன் மனித குலம் முழுவதையும் கொன்றவனுக்குச் சமம் என்கிறது குர்ஆன். பழிக்குப் பழியும் அதில் உண்டு, ஆனால் கொலையுண்டவரின் குடும்பத்தார் மன்னித்து ஈட்டுத்தொகை வாங்கிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தில் கொலையை மன்னிக்கிற உரிமை அந்தக் குடும்பத்துக்குக் கிடையாது. அது ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் இருக்கிறது.

தூக்கு இருந்தால்தான் பயம் இருக்கும் என்பார்கள். கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்துப் பார்க்க வைத்தார்கள். பயப்படட்டும் என்றுதான். 1801இல் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியே வந்து, வெள்ளைக்காரன் இடித்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் திரும்பக் கட்டினார்.

அது போர்க்காலம் என்பீர்கள். செங்கோட்டையைப் பாருங்கள். 1956 வரை அது திருவிதாங்கூர்ச் சீமை. 1944இல் அந்தச் சமஸ்தானம் கொலைக்குத் தூக்கு என்பதை எடுத்துவிட்டது. ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளித் தென்காசியில் கொலை செய்தவனுக்குத் தூக்கு உண்டு, செங்கோட்டையில் செய்தவனுக்கு இல்லை. அதற்காகக் கொலைகாரன் எல்லாம் பஸ் ஏறிச் செங்கோட்டைக்குப் போகவில்லை. தூக்கு இல்லாத ஐந்தாண்டில் அந்தச் சீமையில் 962 கொலை, தூக்கு திரும்பி வந்த ஐந்தாண்டில் 967 என்று நாடாளுமன்ற விவாதத்தில் ஒரு கணக்கு அடிக்கடி எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி விரலைக் காட்டுகிறார். தேரியிலேயே அதிக நேரம் நின்றுவிட்டேன் போல. தூக்குத் தீர்ப்பில் கையெழுத்துப் போட்ட நீதிபதி பேனா நிப்பை உடைக்கிற வழக்கத்தைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், முடியாது. ஒன்றே ஒன்று. ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரியில் 26 பேருக்கு ஒரே நாளில் தூக்கு விதித்தார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை வெளியே அனுப்பியது, மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது, நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. அந்த நான்கு பேரையும் கடைசியில் தூக்கிலிடவில்லை. மேல்முறையீடும், அதற்குப் பிறகும் தண்டனையைக் குறைக்கிற வழியும் இருந்ததால் 26 பேரும் தூக்குக்குத் தப்பினார்கள்.

அப்படியானால் கொலையுண்டவன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். இப்போதைக்கு ஒரு தகவல்: தூக்கு கிடைத்தாலும் ஆயுள் கிடைத்தாலும், ஏன், எதிரி பிடிபடாமலே போனாலும், அந்தக் குடும்பம் அரசிடம் இழப்பீடு கேட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். அலுவலகம் நீதிமன்ற வளாகத்தில்தான் இருக்கிறது, வக்கீல் வைக்கத் தேவையில்லை. வணக்கம்.