பிஎச்டி இன்டர்வியூவில் கப்சிப்! கணக்கு கைடுகளே, ஒரு நிமிஷம்

எம்.எஸ்ஸி.யில் 85 சதவீதம். யுஜிசி நடத்தும் நெட் தகுதித் தேர்வும் கிளியர். இன்டர்வியூவில் ஒரே ஒரு கேள்வி, ஆள் கப்சிப். அது என்ன கேள்வி? சொல்கிறேன், ஸ்கிப் பண்ணாதீர்கள்.

வணக்கம் மக்களே! குடியாத்தம், ஆரணி, வாலாஜா என்று நம் பழைய வட ஆர்க்காடு முழுக்கக் கணக்கு எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, காட்பாடி விஐடிக்கும் சேர்க்காடு திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கும் பிஎச்டிக்காக அலையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்காரும் கைடுகளுக்குத்தான், அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்குத்தான், இந்த வீடியோ.

விதிமுறை, ஒரே மூச்சில்: 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி முதுகலையில் 55 சதவீதம், சேர்ந்தபின் குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் வொர்க், குறைந்தது 3 வருஷம். முடிந்தது.

(திரையில்: கரும்பலகை)

இப்போது கேள்வி. 0-க்கும் 1-க்கும் நடுவே, இரண்டு முனைகளையும் விட்டுவிட்டு, ஒரு தொடர்ச்சியான சார்பு (ஃபங்ஷன்), அதாவது வரைந்தால் எங்கேயும் அறுபடாத கோடு. அதன் மதிப்புகள் கட்டாயம் ஓர் எல்லைக்குள் அடங்குமா?

தொடர்ச்சிக்கான எப்சிலான் டெல்டா வரையறையைப் புள்ளி பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளைகூட இங்கே திணறும். விடை: அடங்காது. ஒன் பை எக்ஸ் போதும். எக்ஸ் 0.1 என்றால் 10, 0.001 என்றால் 1000. 0-வை நெருங்க நெருங்க எகிறிக்கொண்டே போகும்.

தெரியவில்லையா, "நெக்ஸ்ட்" என்று கூப்பிட்டுவிட்டால் நல்ல ஸ்காலரைக் கோட்டை விட்டீர்கள். (வேலூரில் கோட்டை விடலாமா?) விடையை நீங்களே சொல்லிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்: "சரிம்மா, 0-வையும் 1-ஐயும் சேர்த்துக்கொண்டால்?"

அந்தப் பொண்ணு சாக்பீஸை எடுத்து, 0-வின் மேல் ஒரு புள்ளி வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ இங்கயும் ஒரு மதிப்பு இருக்கணுமே சார்... பக்கத்துல வரும்போது அதை ஒட்டித்தானே வரணும், எகிற முடியாதே" என்று முனகினால், அந்த முனகலுக்குத்தான் மார்க். முழு நிரூபணம் வராவிட்டாலும் பரவாயில்லை, அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். எனக்கு இந்த இடம் அவ்வளவு பிடிக்கும்!

ஆனால் சில கைடுகள் போடும் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கணக்கு டைப் பண்ண லேடெக், புரோகிராம் எழுத பைத்தான், கையில் ஸ்கோபஸ் பட்டியலில் வரும் ஜர்னலில் ரெண்டு பேப்பர்! ஆம்பூரில் பிரியாணிக் கடைக்கு ஹெல்பர் எடுக்கும்போது, "தனியா எத்தனை அண்டா தம் போட்டிருக்கே?" என்று கேட்பார்களா? லேடெக் உட்கார்ந்து பழகினால் வந்துவிடும். பேப்பர் எழுதப் பழகத்தானே பிஎச்டி.

1914-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய ராமானுஜனுக்கே கலப்பெண் சார்புகளின் கோட்பாடு தெரியாது, நிரூபணம் என்றால் என்ன என்பதிலும் தெளிவில்லை. அவரை அங்கே அழைத்த கணித மேதை ஹார்டியே இதை எழுதிவைத்திருக்கிறார். அங்கே போனபிறகுதான் ராமானுஜன் கற்றுக்கொண்டார்.

அதற்காக வருகிறவர்களையெல்லாம் எடுங்கள் என்று சொல்லவில்லை. மெய்ப் பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்), நேரியல் இயற்கணிதம் (லீனியர் அல்ஜீப்ரா) இரண்டிலும் அடிப்படை ஆடக்கூடாது. அப்புறம், பழக்கமில்லாத புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து அரை மணி நேரம் படிக்க விடுங்கள். எந்த வரி இடிக்கிறது என்று கேளுங்கள். "எல்லாம் புரிஞ்சுது சார்" என்றால் உஷார்!

இப்போது உங்களுக்கு: 0-க்கும் 1-க்கும் நடுவே தொடர்ச்சியாக இருக்கணும், எல்லைக்குள்ளும் அடங்கணும், ஆனால் 0-வை நெருங்கும்போது எந்த மதிப்பிலும் போய் நிற்கக்கூடாது. அப்படி ஒரு சார்பு சொல்லுங்கள். ஹின்ட்: சைன். கமெண்டில் பார்ப்போம்.