தரையிலும் நீரிலும் குதிப்புப் பயிற்சி: எது எதைத் தருகிறது?

[காட்சி: வாலிபால் களம். ஒரு வீராங்கனை ஸ்பைக் அடிக்க எழும்புகிறார். அதே அசைவு மெதுவான வேகத்தில் மீண்டும் ஓடுகிறது. அவர் தரையிறங்கும் கணத்தில் படம் நிற்கிறது.]

வணக்கம். வாலிபாலில் வலையின் மேல்விளிம்பு பெண்களுக்கு 2.24 மீட்டரிலும் ஆண்களுக்கு 2.43 மீட்டரிலும் இருக்கிறது. அதற்கு மேல் கை எவ்வளவு எழுகிறது என்பதைப் பொறுத்தே எதிரணியினர் வலையருகே கைகளை உயர்த்திப் போடும் தடுப்பை, அதாவது பிளாக்கை, தாண்டிப் பந்தை இறக்க முடிகிறது. அதனால் பயிற்சியாளர்கள் வீரர்களைக் குதிக்க வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். எழும்பியவர் இறங்கியும் ஆகவேண்டும் என்பதுதான் சிக்கல். நார்வேயின் முன்னணி விளையாட்டு வீரர்களைப் பரிசோதித்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், வாலிபால் ஆடுவோரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினருக்கு முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில் (தசையை எலும்போடு இணைக்கும் நாரில்) வலி இருந்தது தெரியவந்தது. களத்தில் இதை 'ஜம்பர்ஸ் நீ' என்பார்கள்.

உயரமாகக் குதிக்க வேண்டுமானால் நிறையக் குதித்துப் பழக வேண்டும். நிறையக் குதித்தால் முழங்கால் முரண்டு பிடிக்கிறது. இந்த முடிச்சை அவிழ்க்கும் வழிகளுள் ஒன்றாகத்தான் இடுப்பளவு, மார்பளவு நீரில் நின்று குதிக்கும் பயிற்சி வந்தது. தரைப் பயிற்சிக்கு அது மாற்றாகுமா என்றால், ஆகாது என்பதே என் கருத்து. நீர் எதைக் குறைத்து முழங்காலைக் காக்கிறதோ, அதுவேதான் தரையில் குதிப்பவருக்கு வேகத்தைக் கற்றுத் தருகிறது. இந்தக் காணொளியில் அதைத்தான் விளக்கப் போகிறேன்.

[காட்சி: கரும்பலகையில் ஒரு மனித உருவம், அதன் நிறைமையத்திலிருந்து மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.]

கால் தரையை விட்டுப் பிரியும் கணத்தில் உடல் என்ன வேகத்தில் மேலே கிளம்புகிறதோ, அந்த வேகம்தான் குதிப்பின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. அதன்பின் காற்றில் கையை வீசினாலும் காலை மடக்கினாலும் உடலின் நிறைமையம் ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடுதலாக எழாது. 50 சென்டிமீட்டர் எழும்ப நொடிக்கு 3.13 மீட்டர் வேகம் வேண்டும். 55 சென்டிமீட்டருக்கு 3.28 மீட்டர் போதும். உயரம் வேகத்தின் இருமடியைச் சார்ந்திருப்பதால், வேகத்தில் 5 விழுக்காடு கூடினாலே உயரத்தில் 10 விழுக்காடு கூடிவிடுகிறது.

அந்த வேகத்தை உடல் எங்கிருந்து பெறுகிறது என்பதைப் பார்க்க, இப்போதே எழுந்து நின்று ஒரு சோதனை செய்து பாருங்கள். முதலில் அரைக்குந்தலாக உட்கார்ந்து, அப்படியே மூன்று நொடி அசையாமல் இருந்து, பிறகு குதியுங்கள். அடுத்து, நின்ற நிலையிலிருந்து சட்டென்று தாழ்ந்து, தாழ்ந்த வேகத்திலேயே எழும்புங்கள். இரண்டாவது குதிப்பு உயரமாக இருக்கும். தாழும்போது தொடைத் தசைகளும் குதிகால் தசைநாணும் இழுபட்டு, ரப்பர் பட்டையைப் போலக் கொஞ்சம் ஆற்றலைச் சேமித்து வைக்கின்றன என்பது ஒரு காரணம். கீழிறங்கும் உடலை நிறுத்துவதற்காகவே தசைகள் முன்கூட்டி முறுக்கேறிவிடுவதால், மேலெழும் முதல் கணத்திலேயே அவை பெரும் விசையோடு தயாராக இருக்கின்றன என்பது அதைவிடப் பெரிய காரணம். இழுபட்டுச் சுருங்கும் இந்தச் சுழற்சியைக் கூர்மையாக்கும் பயிற்சிகளைத்தான் பிளையோமெட்ரிக்ஸ் என்கிறோம்.

சோவியத் ஒன்றியத்தில் தாண்டுதல் வீரர்களைப் பயிற்றுவித்த யூரி வெர்கோஷான்ஸ்கி, 1960-களில் இதை ஒரு முறையாக வகுத்தார். உயரமான பெட்டியிலிருந்து இறங்கி, கால் தரையில் பட்டவுடன் மேலே பாய்வது அதன் உச்சப் பயிற்சி. 'டெப்த் ஜம்ப்' என்று நம் மைதானங்களிலும் வழங்குவது அதுதான். அவர் சொன்ன பெட்டி உயரங்கள் 75 சென்டிமீட்டரும் 110 சென்டிமீட்டரும். பிளையோமெட்ரிக்ஸ் என்ற பெயரை அமெரிக்கரான ஃபிரெட் வில்ட் பின்னாளில், 1975-இல், சூட்டினார். அந்த உயரங்கள் பல ஆண்டுகள் பளுதூக்கிக் காலை உரமேற்றிக்கொண்ட வீரர்களுக்கானவை. பள்ளி மாணவரை மேசை உயரத்திலிருந்து குதிக்கவிடுவதற்கு அவரைச் சான்றாகக் காட்ட முடியாது.

[காட்சி: நீளம் தாண்டும் வீரரின் கால், தாண்டு பலகையை மிதிக்கும் அண்மைக் காட்சி. ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடி நிற்கிறது.]

எல்லாக் குதிப்பும் ஒரே வகை அன்று. பாதம் தரையில் இருக்கும் நேரம் கால் நொடிக்கு (0.25 நொடிக்கு) மேற்பட்டால் அது மெதுவான சுழற்சி. நின்ற இடத்திலிருந்து தாழ்ந்து எழும்புவது இந்த வகை. கால் நொடிக்கும் குறைந்தால் அது வேகமான சுழற்சி. தமிழ்நாட்டின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023-இல் 8.42 மீட்டர் தாண்டி இந்தியச் சாதனை படைத்தாரே, அந்தத் தரத்து நீளம் தாண்டுதலில் கால் பலகையில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 0.12 நொடிதான். அந்தக் கண்ணிமைப்புக்குள் ஓட்டத்தின் உந்தத்தைத் தாங்கி, திருப்பி, மேலே அனுப்ப வேண்டும். இந்த இரண்டு வகைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீரா தரையா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் பிரிகிறது.

தரையில் செய்யும் பயிற்சிகளை நீங்கள் அறிவீர்கள்: கயிறு தாண்டுதல், இரு காலாலும் முன்னோக்கித் துள்ளுதல், சிறிய ஹர்டில்களைத் தொடர்ந்து தாண்டுதல், பெட்டி மீது ஏறிக் குதித்தல், கடைசியாக டெப்த் ஜம்ப். தொடக்க நிலையில் உள்ளவர் ஒரு நாளில் கால் பதிக்கும் எண்ணிக்கை 80 முதல் 100 வரை இருந்தால் போதும். நன்கு தேறியவருக்கும் 140-ஐத் தாண்ட வேண்டியதில்லை. அடுத்த குதிப்பு நாளுக்கு முன் 48 மணி முதல் 72 மணி நேரம் வரை இடைவெளி வேண்டும். களைத்துப்போன கால் தரையில் அதிக நேரம் தங்கும். அப்படித் தங்கிக் குதிப்பவர் மெதுவாகக் குதிக்கத்தான் பழகுகிறார். இருநூறு முறை குதிக்கவைத்துவிட்டோம் என்று பெருமைப்படும் பயிற்சியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல் வீண் என்றே தோன்றுகிறது. 26 ஆய்வுகளைத் திரட்டி 2007-இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, இத்தகைய பயிற்சியால் தாழ்ந்து எழும்பும் குதிப்பு சராசரியாக 8.7 விழுக்காடு உயர்கிறது. பெட்டியிலிருந்து இறங்கிப் பாயும் குதிப்பு 4.7 விழுக்காடுதான் உயர்கிறது. வேகமான சுழற்சி அவ்வளவு எளிதில் கைவருவதில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

[காட்சி: நீச்சல் குளத்தின் பக்கவாட்டுத் தோற்றம். ஒரே மனிதர் இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு நீரில் நிற்கிறார்.]

இனி குளத்துக்குள் இறங்குவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் இடுப்பளவு நீரில் நின்றால், மிதப்பு விசை தாங்குவதால் அவருடைய கால்கள் ஏறத்தாழ 35 கிலோவைத்தான் சுமக்கின்றன. மார்பளவில் அது மூன்றில் ஒரு பங்காகவும், கழுத்தளவில் பத்தில் ஒரு பங்காகவும் குறைகிறது. அப்படியானால் நீரில் குதிப்பது சுலபமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. குறைந்திருப்பது எடை, நிறை அதே 70 கிலோவாகத்தான் இருக்கிறது. ஓய்ந்து நிற்கும் அந்த உடலை மேல்நோக்கி முடுக்கிவிட வேண்டிய உழைப்பு அப்படியே இருக்கிறது. அதற்கு மேல், காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியுள்ள நீரைத் தள்ளிக்கொண்டு எழ வேண்டும். நீரின் இழுவை வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், இரண்டு மடங்கு வேகமாக எழ முயல்பவர் நான்கு மடங்கு எதிர்ப்பைச் சந்திக்கிறார். சோம்பலாகக் குதிப்பவருக்கு நீர் சும்மா வழிவிடும். முழுமூச்சாக எழுபவரை எதிர்த்து நிற்கும். ஒவ்வொருவருடைய வலுவுக்கும் ஏற்ற சுமையைத் தானே தருகிற இந்தக் குணம் இரும்புத் தட்டுகளுக்குக் கிடையாது.

இறங்கும்போது கதை மாறுகிறது. நீர் உடலைத் தாங்கி மெல்ல இறக்குவதால், தரையோடு ஒப்பிட்டால் கால்மோதும் விசை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைவதாக அளந்திருக்கிறார்கள். முழங்காலுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால், தசை சட்டென்று இழுபடுவதற்குக் காரணமான மோதலே இங்கே மழுங்கிவிட்டதால், இழுபட்ட தசை அனிச்சையாகவே சட்டென்று சுருங்குவதால் கிடைக்கும் உதவியும் மழுங்குகிறது. கால் அடித்தரையில் தங்கும் நேரமும் நீள்கிறது. சுருக்கமாகச் சொன்னால், நீரில் தள்ளும் வலு பயிற்சி பெறுகிறது. துள்ளித் திரும்பும் கூர்மை பயிற்சி பெறுவதில்லை.

[காட்சி: குளத்தில் வீராங்கனைகள் வரிசையாக நின்று குதிக்கிறார்கள்.]

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2004-இல் அமெரிக்காவில் 32 கல்லூரி மாணவியரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தரையிலும் மறு குழுவுக்கு நீரிலும் 8 வாரம் ஒரே பயிற்சியைத் தந்தார்கள். இரு குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறின. தசைவலி மட்டும் நீர்க் குழுவில் குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டு, பள்ளி வாலிபால் வீராங்கனைகள் 19 பேரைக் கொண்டு 6 வாரம் நடந்த சோதனையில், வழக்கமான பயிற்சியோடு நீரிலும் குதித்தவர்களின் எழும்பும் உயரம் 11 விழுக்காடு கூடியது. 2007-இல் வந்த மற்றொரு சோதனையிலும் தரைக்கும் நீருக்கும் வேறுபாடு தெரியவில்லை. அதில் பயன்படுத்தியது முழங்காலளவு நீர்தான். அந்த ஆழத்தில் மிதப்பு விசை சொற்பமே என்பதால், அது பெரும்பாலும் ஈரமான தரைப் பயிற்சி என்றுகூடச் சொல்லலாம்.

இவற்றைப் படித்துவிட்டு, இரண்டும் சமம் என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சோதனைகளில் அளந்தது என்ன என்று பார்க்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து எழும்பும் உயரத்தையே முதன்மையாக அளந்திருக்கிறார்கள். அது மெதுவான சுழற்சி, தள்ளும் வலு இருந்தால் தேறிவிடும். மணலில் குதிப்பதும் இதே போன்றதுதான் என்பதால், 2008-இல் கால்பந்து வீரர்களிடம் புல்தரையையும் மணலையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு இங்கே துணைக்கு வருகிறது. மணலில் குதித்தவர்களுக்குத் தசைவலி குறைவாக இருந்தது. தாழ்ந்து எழும்புவதில் புல்தரைக் குழுவே மேலாக நின்றது. கால் புதையும் இடத்தில் துள்ளல் பிறப்பதில்லை என்பது மெரினாவில் ஓடிப் பார்த்த எவருக்கும் தெரியும்.

[காட்சி: ஓராண்டு நாட்காட்டி. குளத்துக்கு நீலமும் மைதானத்துக்குப் பழுப்பும் தீட்டப்படுகின்றன.]

ஆகவே, நீருக்கு ஆண்டில் எந்த இடம் தருவது என்பதே பயிற்சியாளர் தீர்மானிக்க வேண்டியது. போட்டிப் பருவம் முடிந்து முழங்கால்கள் வலியோடு இருக்கும் வாரங்களிலும், காயத்திலிருந்து மீண்டு மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் குதிக்க அனுமதித்த தொடக்கத்திலும், குளத்தையே முதன்மையாக வைத்துக்கொள்ளலாம். அடுத்த பருவத்துக்குத் தயாராகும் காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள் தரை, ஒரு நாள் நீர், இடையில் ஸ்குவாட் (பளுவைச் சுமந்து குந்தி எழுதல்) போன்ற பளுப்பயிற்சி என்று கலக்கலாம். போட்டி நெருங்க நெருங்கத் தரைக் குதிப்பின் எண்ணிக்கையைக் குறைத்து வேகத்தைக் கூட்ட வேண்டும்; குளம் அப்போது களைப்பாற மட்டுமே. நீளம் தாண்டுபவருக்கும் மும்முறை தாண்டுபவருக்கும் குளத்தின் பங்கு வாலிபால் வீரரைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பேன். அவர்கள் வாழ்வது அந்த 0.12 நொடியில்தான்.

ஆழம் இடுப்புக்கும் மார்புக்கும் இடையே இருப்பது நல்லது. கழுத்தளவில் கால் அடித்தரையைச் சரியாக ஊன்றவே முடியாது. வழுக்காத ரப்பர் காலணி அணிய வேண்டும். நீந்தத் தெரிந்த ஒருவர் கரையில் நின்று கவனிக்க வேண்டும். ஊரில் நீச்சல் குளம் இல்லை என்பதற்காகக் கிணற்றிலோ கண்மாயிலோ இறங்கிவிடாதீர்கள். சேறும் மேடுபள்ளமுமான அடித்தரையில் கணுக்கால் பிசகுவது நிச்சயம். குளம் கிடைக்காதவருக்கு மணல் உண்டு.

[காட்சி: முக்காலியில் ஒரு கைப்பேசி. திரையில் குதிப்பவரின் பாதங்கள் மட்டும் சட்டகம் சட்டகமாக நகர்கின்றன.]

முன்னேற்றத்தை அளக்க ஆய்வகம் தேவையில்லை. நொடிக்கு 240 சட்டகம் (ஃபிரேம்) பதியும் கைப்பேசியைத் தரைமட்டத்தில் வைத்துப் பாதங்களைப் படமெடுங்கள். கால் பிரிந்த சட்டகத்திலிருந்து மீண்டும் பட்ட சட்டகம் வரை எண்ணுங்கள். 120 சட்டகம் என்றால் காற்றில் அரை நொடி. உயரம் ஏறத்தாழ 31 சென்டிமீட்டர். 144 சட்டகம் என்றால் 0.6 நொடி, உயரம் 44 சென்டிமீட்டர். எழும்பும்போது நீட்டியிருந்த கால் இறங்கும்போதும் நீட்டியிருக்க வேண்டும். மடக்கி இறங்கினால் நேரம் பொய்யாகக் கூடிவிடும்.

பிறகு 30 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து இறங்கிப் பாயச் சொல்லி, தரையில் கால் இருந்த சட்டகங்களையும் எண்ணுங்கள். 60 சட்டகத்துக்குள் இருந்தால் அது கால் நொடிக்குள் அடங்கிய வேகமான குதிப்பு. எழும்பிய உயரத்தை மீட்டரில் எழுதி, தரையில் இருந்த நொடிகளால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். நின்று குதிக்கும் உயரம் ஏறிக்கொண்டே இருந்து இந்த எண் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றால், குளத்து நாள்களில் ஒன்றைக் குறைத்து மைதானத்துக்குக் கொடுங்கள். இரண்டும் ஏறி, முழங்காலில் வலி தலைகாட்டினால், மைதானத்து நாளில் ஒன்றைக் குளத்துக்குத் திருப்பிக் கொடுங்கள்.

[காட்சி: குளத்தின் ஓரத்தில் ஈரக் காலடித் தடங்கள், அவை மைதானத்தை நோக்கிச் செல்கின்றன. திரை இருள்கிறது.]