கங்காணியின் தலப்பாவும் தெமோதரை ஸ்டேசனும்

அன்பான நேயர்களே, வணக்கம். இலங்கை மலையகத்து ஊர் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு ஊரை விட ஊரின் ஸ்டேசன்தான் முதலில் ஞாபகம் வரும். அதிலும் தெமோதரை ஸ்டேசன். எல்லவுக்கு வருகிறவர்கள் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பாலத்தைத் தாண்டினால் அடுத்த ஸ்டேசன் தெமோதரை. அங்கே இறங்கிப் பார்க்கிறவர்கள் குறைவு. அந்த ஸ்டேசனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பதுளைப் பக்கத்திலேயே பலருக்குத் தெரியாது.

கீழே கோச்சி, அதாவது ரயில், போகிறது. மேலே நின்று ஆட்களை ஏற்றிக்கொண்ட அதே கோச்சி.

ரேடியோவில் படம் வரைந்து காட்ட முடியாது. பரவாயில்லை, காதால் கேட்டே புரிந்துகொள்ளக்கூடிய இடம் அது. எல்லப் பக்கமிருந்து வரும் கோச்சி மேடையில் நிற்கிறது. நீங்கள் இறங்கிவிடுகிறீர்கள். கொடி காட்டியதும் கோச்சி பதுளையைப் பார்த்துப் புறப்படுகிறது. பக்கத்து மலையை வளைத்துக்கொண்டு போகிறது, மறைகிறது, சத்தமும் அடங்கிவிடுகிறது. போய்விட்டது என்றுதான் நினைப்பீர்கள். உடனே கிளம்பிவிடாதீர்கள், மேடையிலேயே நில்லுங்கள். சில நிமிடத்தில் அந்தச் சத்தம் திரும்ப வரும், இந்தத் தடவை காலுக்கடியிலிருந்து. ஸ்டேசனுக்கு நேர் கீழே மலையைக் குடைந்து ஒரு சுரங்கம் இருக்கிறது. மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிய கோச்சி அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்து, தான் சற்று முன் நின்ற இடத்துக்கு அடியிலேயே ஓடி, உடுவரைப் பக்கம் வெளியே வருகிறது.

ஏன் இப்படிச் சுற்ற வேண்டும்? எல்ல ஸ்டேசன் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. பதுளை 650 மீட்டர் அளவில். இடையில் 20 கிலோமீட்டர் அளவுதான் பாதை, அதற்குள் 400 மீட்டருக்குக் கிட்ட இறங்கியாக வேண்டும். ஆனால் நமது மலைநாட்டுப் பாதைக்கு ஒரு கணக்கு உண்டு. 44 அடி ஓடினால் ஒரு அடிதான் ஏறலாம், ஒரு அடிதான் இறங்கலாம். அதற்கு மேல் சரிவு கூடினால் பாரம் இழுக்கும் எஞ்சினுக்கு ஆகாது. தெமோதரையில் மலை சட்டென்று விழுகிறது. அதே வேகத்தில் தண்டவாளம் விழ முடியாது. அதனால் தூரத்தைக் கூட்டினார்கள். அந்தச் சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு தூரத்தைச் செலவழித்து வாங்கிய இறக்கம் 20 மீட்டர் அளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, இப்போது தலப்பாக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் செவிவழிக் கதை இது. பாதை போடும் பொறியியலாளர், இந்த இறக்கத்தை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் மலையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாராம். அது டி. ஜே. விமலசுரேந்திர என்பார்கள். லக்சபான நீர்மின் திட்டத்தை முன்வைத்தவரும் அவர்தான். அந்த நேரம், தோட்டத்தில் ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி ஒருவர் தலப்பாவை அவிழ்த்து உதறிவிட்டுத் திரும்பக் கட்டினாராம். அதைப் பார்த்ததும் பொறியியலாளருக்கு வழி பிறந்துவிட்டதாம்.

இந்தக் கதையைக் கேட்கிற பலர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் அப்படிப் போகவில்லை. தலப்பாக் கட்டும் கையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். துணியின் ஒரு நுனியை நெற்றிப் பக்கம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மறு பக்கத்தைத் தலையைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றுக்குக் கொஞ்சம் தள்ளி விழும், ஒரே இடத்தில் விழாது. கடைசியில் மிஞ்சும் நுனியை, முதலில் போட்ட சுற்றுக்கு அடியில் விட்டுச் செருகினால்தான் தலப்பா நிற்கும். தெமோதரையில் இருப்பதும் அந்தச் செருகல்தான். மேல் சுற்று ஸ்டேசன், செருகும் இடம் சுரங்கம். கதையைக் கட்டியவர் யாராக இருந்தாலும், தலப்பாக் கட்டத் தெரிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்டவாளத்தைச் சுற்றவிடும் வித்தை உலகத்துக்குப் புதிதில்லை. டார்ஜிலிங் மலைப்பாதை 1881இலேயே ஓடத் தொடங்கிவிட்டது, அதிலும் இப்படிச் சுற்றுகள் உண்டு. படித்த பொறியியலாளருக்கு இது தெரியாமல் இருக்காது. அப்படியிருந்தும் நம் மக்கள் ஒரு கங்காணியைக் கூப்பிட்டுக் கதைக்குள் நிறுத்திவிட்டார்கள். அது எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது. பாதையை வரைந்தவரின் பெயர் மிஞ்சியிருக்கிறது. வெட்டியவர்கள், கல் சுமந்தவர்கள் பெயர் ஒன்றும் மிஞ்சவில்லை. கதையிலும் கங்காணிக்குப் பெயர் இல்லை, தலப்பா மட்டும் இருக்கிறது. அந்தத் தலப்பாவையாவது விட்டுவிடக் கூடாது என்று எங்கோ ஒரு லயத்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, வாசலில் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

கங்காணியை நான் உயர்த்திப் பேசவில்லை. கறுப்புக் கோட்டு, தலப்பா, பூண் போட்ட பிரம்பு என்று பெரிய கங்காணி வந்து நின்றால் சனம் நடுங்கிய காலம் அது. ஆட்களைக் கடனில் பிடித்து வைத்து, பேர் ஒன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கியவர்கள். அந்தக் கடனோடு ஆளைக் கைமாற்றும் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அதே 1921ஐத்தான் ஒன்பது வளைவுப் பாலம் கட்டி முடித்த வருசமாகவும் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் கட்சி.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோப்பிக்காகத்தான் கோச்சி மலை ஏறியது. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் அட்டன், மறு வருசம் நானுஓயா. அதற்குள் கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்துவிட்டது. 1894இல் பண்டாரவளை. அங்கிருந்து பதுளை முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் பதுளைக்குக் கோச்சி வந்தது 1924இல். முப்பது வருசம்! இடையில் முதலாம் உலகப் போரும் வந்து போனது. அந்த முப்பது கிலோமீட்டருக்குள்தான் நான் சொன்ன பாலமும் தெமோதரைச் சுற்றும் இருக்கின்றன.

அப்புறம், ஸ்டேசன் மாஸ்டரின் அறை. மலைநாட்டில் ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு கோச்சி வந்துவிடாமல் காப்பது டேப்லட். பெரிய வளையம், அதில் தைத்த தோல் பை, பைக்குள் ஒரு உலோக வில்லை. அந்த வில்லை கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேசனுக்கு எஞ்சினை நகர்த்த முடியாது. ஓடும் எஞ்சினிலிருந்து ஒரு கை வளையத்தை நீட்ட, மேடையில் நிற்பவர் அதைத் தோளில் வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கொடுப்பார். இதைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு நிமிடம்தான்.

வேறொரு கோச்சியையும் பேச வைத்திருந்தேன். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளியான நம்மவர்கள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு நாடும் முடிவு செய்தன. பிறகு நம்மவர்கள் மலையக ஸ்டேசன்களில் ஏறி, கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போனார்கள். ஏறியவர்களும் அழுதார்கள், மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பெயர் விழுந்தது. இதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். அதற்குள் நேயர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் குடும்பத்தில் யார் போனார்கள், எந்த ஸ்டேசனில் ஏறினார்கள், எந்த வருசம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். தெமோதரைக்குப் போகிறவர்கள் பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே என்ற இரண்டு கோச்சிகளில் எது அங்கே நிற்கும், எத்தனை மணிக்கு என்று பக்கத்து ஸ்டேசனில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். வணக்கம்.