கடன் விண்ணப்பத்தில் தலைவர் கையெழுத்துப் போடணுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி மலேசியாவுல சுங்கை சிப்புட்லேர்ந்து. ஒரு அம்மா எழுதியிருக்காங்க: "எங்க சங்கம் தோட்டத்த விட்டு வெளியான குடும்பங்களுக்கு, நாசி லெமாக் கடை, தையல் மாதிரி சின்னத் தொழிலுக்கு வட்டியில்லாம கடன் குடுக்குது. போன பொதுக்கூட்டத்துல என்னைத் தலைவராக்கிட்டாங்க. ஆபீஸ்ல சம்பளத்துக்கு ஒரு பொண்ணு வேலை பாக்குது. ஆனா எந்த விண்ணப்பமா இருந்தாலும் தலைவர் பாத்து கையெழுத்துப் போட்டாத்தான் காசு. பழைய தலைவர் அப்படித்தான் செஞ்சார். நானும் செய்யணுமா? விட்டுட்டா அவர் மனசு சங்கடப்படுமே."

வேணாம்மா. அந்த வழக்கத்த நிறுத்திடுங்க.

உங்க ஊர்ல விண்ணப்பம் போடுறவங்க யாரு? ஒரே லயத்துல உங்களோட இருந்தவங்க, இல்லன்னா சம்பந்தி வீட்டு ஆளுங்க. நீங்க சரின்னா வேண்டியவங்களுக்குக் குடுத்தாங்கன்னு பேச்சு வரும். இல்லன்னா கோயில் திருவிழாவுல பாத்தாக்கூட முகத்தத் திருப்பிக்குவாங்க. இதக்கூடப் பொறுத்துக்கலாம். தவணை நின்னு போச்சுன்னா? "தலைவர் குடுத்த கடன், தலைவரே கேக்கட்டும்"னு செயலவை ஒதுங்கிக்கும். தலைவர் மாறினா அந்தக் கடனக் கேக்க ஆளே இருக்காது.

யாருக்குக் கடன்னு முடிவு பண்றது செயலவை வேலை இல்ல. எப்படிப்பட்டவங்களுக்கு, எவ்வளவு வரைக்கும், எத்தனை மாசத்துல திருப்பணும், கட்ட முடியலன்னா என்ன செய்யிறது, இதையெல்லாம் விதியா எழுதி, கூட்டத்துல நிறைவேத்தி, கூட்டக் குறிப்புல ஏத்துறதுதான் அவங்க வேலை. அந்த விதிக்குள்ள அந்தப் பொண்ணு முடிவெடுக்கட்டும். பெரிய தொகைன்னா மட்டும் ஒரு சின்னக் குழு பாக்கட்டும். செயலவைக்காரங்களோட சொந்தக்காரங்க விண்ணப்பம் வந்தா, அந்தச் செயலவைக்காரங்க அத வாய்விட்டுச் சொல்லிட்டு அறைய விட்டு வெளிய போகணும். போனாங்கன்னு குறிப்புல எழுதவும் வேணும். நம்ம ஆளுங்க இதுக்குக் கூச்சப்படுவாங்க, அதனால முதல்ல நீங்களே செஞ்சு காட்டுங்க.

வட்டியில்லாம குடுக்கிறது நல்லது, அப்படியே இருக்கட்டும். வட்டின்னு வந்தா 1951ஆம் வருஷத்து கடன் கொடுப்போர் சட்டம் குறுக்க வரும், வக்கீலக் கேக்காம அதத் தொடாதீங்க.

அப்ப தலைவருக்கு என்னதான் வேலைன்னு கேப்பீங்க. கேள்வி கேக்கிறதும்மா. எவ்வளவு வெளிய நிக்குது, எவ்வளவு திரும்பி வந்துச்சு, தவணை தவறினவங்க எத்தனை பேரு, ஏன்? அந்த "ஏன்"ங்கிறத விடாதீங்க. மழைக்காலத்துல பசார் மாலாம், அதான் ராத்திரிச் சந்தை, படுத்துடுச்சு, அதனால பத்து பேரு கட்டலன்னா, குத்தம் அந்தப் பத்து பேருகிட்ட இல்ல, தவணை விதியில இருக்கு. இந்த மாதிரி விஷயம் கடன் வாங்கி யாவாரம் பண்றவங்களுக்குத்தான் தெரியும். அவங்கள்ல ஒருத்தராவது உங்க செயலவையில உக்காரணும்.

உங்க ஊர்க்காரங்களுக்கு இது புதுசில்ல. தோட்டங்களத் துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்த காலம், 1960ல உங்க ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தத் தொடங்கினாரு. தொழிலாளிங்க மாசம் பத்து வெள்ளின்னு கட்டின காசுலதான் கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்த வாங்கினாங்க. பால் மரம் வெட்டினவங்களே அதுல பங்குதாரர். உங்க சங்கம் கூட்டுறவு இல்ல, சட்டமும் வேற. ஆனா உதவி வாங்குறவங்கன்னு சொல்லி யாரையும் வாசல்லயே நிக்க வைக்காதீங்க.

இன்னொண்ணு, பொதுக்கூட்டம் முடிஞ்ச 60 நாளுக்குள்ள ஆண்டறிக்கைய சங்கப் பதிவு இலாகாவுக்கு அனுப்பணும், 1966ஆம் வருஷத்து சங்கச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. புதுப் பொறுப்பாளர் பேரெல்லாம் அதுல போகணும். செயலாளர் அனுப்பிட்டாரான்னு இன்னைக்கே கேளுங்க. பேங்க்ல கையெழுத்து மாத்துற வேலையையும் தள்ளிப் போடாதீங்க.

பழைய தலைவர் மனசு சங்கடப்படுமேன்னு கடைசி வரியில எழுதியிருக்கீங்க. விதி எழுதுற குழுவுக்கு அவரையே கூப்பிடுங்க. யாரு எதனால கட்ட முடியாமப் போனாங்கன்னு அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது. அதெல்லாம் இப்ப அவர் மனசுல மட்டும்தான் இருக்கு, அவர் உக்காந்து சொன்னாத்தான் எழுத்துல வரும்.